வண்டிக்கு உரிய நூல் எது?



விடியற்காலையில் நமது வட்டாரச் சாலையோரம் சற்று நேரம் நின்று பார்ப்பவர்க்கு ஓர் உண்மை தெளிவாகப் புலப்படும். பேரணாம்பட்டிலிருந்து ஆம்பூருக்கும், சுற்றுக் கிராமங்களிலிருந்து வாணியம்பாடிக்கும், மேல்விஷாரத்திற்கும், இராணிப்பேட்டைக்கும் தோல் பதனிடும் தொழிற்சாலைகளையும் ஷூ கம்பெனிகளையும் நோக்கிச் செல்லும் தொழிலாளருள் பலர் தம் இருசக்கர வண்டியையே நம்பி வாழ்கின்றனர். வண்டி நின்றால் அன்றைய கூலி நின்றது. ஆதலின் வண்டியைப் பழுது பார்ப்பது பற்றிய சிந்தனை நமது குடும்பங்களுக்குப் புறம்பானதன்று. அதிலும், பழுது பார்ப்பதற்கு வழிகாட்டும் நூலை எவ்வாறு தெரிந்துகொள்வது என்பதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. அதன் விளைவு எத்தகையது என்பதை நாம் நேரில் கண்டோம்.

ஈராண்டுகளுக்கு முன் நடந்தது இது. நமக்கு அறிமுகமான இளைஞர் ஒருவர் ஷூ கம்பெனி ஒன்றில் தையல் பிரிவில் பணி புரிகிறார். தந்தையார் இறந்தபின் அவருக்கு எஞ்சிய சொத்து 1986-ஆம் ஆண்டின் பழைய புல்லட் வண்டி ஒன்றே. பிறர் கையில் அதைக் கொடுக்க மனமின்றி, தாமே பழுது பார்த்துப் பேண முற்பட்டார். கைபேசியில் எங்கிருந்தோ இறக்கிக்கொண்ட ‘புல்லட் 350’ கையேடு ஒன்று அவரிடம் இருந்தது. அதில் என்ஜினுக்கு ஊற்றும் எண்ணெயே கியர்ப் பெட்டிக்கும் பயன்படும் என்று தெளிவாக எழுதப்பட்டிருந்தது. அவ்வாறே அவர் என்ஜின் எண்ணெயை மட்டும் காலந்தவறாது மாற்றி வந்தார். எட்டுத் திங்கள் கழிந்தன. ஒருநாள் இரவு வேலை முடிந்து பேரணாம்பட்டுச் சாலையில் வருகையில், உயவின்றி வறண்டு போயிருந்த கியர்ப் பெட்டி இறுகிப் பின்சக்கரம் பூட்டிக்கொண்டது. அவர் தூக்கி எறியப்பட்டார். வலக்கை மணிக்கட்டு முறிந்தது. தையல் எந்திரத்தில் அமர்பவருக்கு வலக்கையே வாழ்வு அன்றோ? இரண்டரை மாதம் வருமானமின்றி அக்குடும்பம் பட்ட பாடு சொல்லுந்தரமன்று.

நாம் பார்க்கச் சென்றபோது அவர் சொன்ன சொல் இன்றும் நம் செவியில் ஒலிக்கிறது. “ஃபாதர், நான் புத்தகத்தில் இருந்தபடியேதான் செய்தேன்.”

அவர் சொன்னது முற்றிலும் உண்மை. அவர் அசட்டையாக இருக்கவில்லை. அந்நூலும் பொய் நூலன்று. அது வேறொரு வண்டிக்கு உரிய மெய்நூல். கேடு விளைந்தது அங்கேதான்.

‘புல்லட்’ என்னும் பெயர் ஒன்றாயினும் அப்பெயர் தாங்கிய வண்டிகள் ஒன்றல்ல. இங்கிலாந்திலுள்ள ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இணைந்து 1955-இல் என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தைத் தொடங்கின. திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் புல்லட் உருவாயிற்று. தாய்நிறுவனம் இங்கிலாந்தில் மறைந்தபின்னும் சேய் இங்கே தழைத்தது. 1994-இல் அது ஐஷர் நிறுவனத்தின் கைக்கு வந்தது. பழைய புல்லட்டின் வார்ப்பிரும்பு என்ஜின் 70 மில்லிமீட்டர் துளையும் 90 மில்லிமீட்டர் வீச்சும் உடையது; கொள்ளளவு 346 கன சென்டிமீட்டர். அதில் கியர்ப் பெட்டி என்ஜினுக்குப் பின்னே தனியாகப் பொருத்தப்பட்டிருக்கும். என்ஜினுக்கு ஓர் எண்ணெய், முதன்மைச் சங்கிலி ஓடும் பெட்டிக்கு ஓர் எண்ணெய், கியர்ப் பெட்டிக்குத் தனி உயவு என மூன்று இடங்களையும் கவனித்தல் வேண்டும்.

1990-களின் இறுதியில் ஆஸ்திரிய நாட்டு ஏ.வி.எல். நிறுவனத்தின் துணையோடு அமைத்த அலுமினிய என்ஜின் சில வண்டிகளில் இடம்பெற்றது. 2008 முதல் 2010 வரையிலான ஆண்டுகளில், என்ஜினும் கியர்ப் பெட்டியும் ஒரே கூட்டுக்குள் அமைந்த புதிய என்ஜின் வந்தது. அதற்கு ஒரே எண்ணெய் எல்லாவற்றிற்கும் போதும். நம் இளைஞர் கையிலிருந்தது இந்த என்ஜினுக்கு உரிய நூலே. வியப்பு என்னவெனில், இதன் துளையும் வீச்சும் பழைய என்ஜினுக்கு உரியவையே. கொள்ளளவும் அதே 346. ஆதலால் அளவைப் பார்த்து ‘இது நம் வண்டியின் நூல்தான்’ என்று எவரும் எளிதில் ஏமாறுவர். பின்னர் 2020-இல் வேறொரு வண்டியில் அறிமுகமான 349 கன சென்டிமீட்டர் என்ஜின், 2023-இல் புல்லட்டிற்கும் வந்து சேர்ந்தது.

இன்னும் ஒரு சான்று காட்டுவோம். பழைய வார்ப்பிரும்பு புல்லட்டில், என்ஜின் குளிர்ந்திருக்கும்போது டேப்பெட்டுக்கு இடைவெளியே இருத்தலாகாது. தள்ளுகோல் விரலால் சுழற்றச் சுழல வேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆடலாகாது. ஜப்பானிய முறையில் அமைந்த சிறிய நான்கு வீச்சு வண்டிகள் பலவற்றிலோ, மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு இடைவெளி விட்டே ஆக வேண்டும். விடாவிட்டால் வால்வு முழுதும் மூடாது, நாளடைவில் எரிந்துபோகும். ஒன்றுக்கு மருந்தாவது மற்றொன்றுக்கு நஞ்சாகிறது. ஒரே கூட்டுக்குள் அமைந்த புல்லட் என்ஜினில் எண்ணெய் அழுத்தமே அந்த இடைவெளியைத் தானாகச் சரிசெய்துகொள்ளும். அங்கே கைவைக்கவே தேவையில்லை.

ஜாவா வண்டியின் வரலாறும் இத்தகையதே. மைசூரில் ஐடியல் ஜாவா நிறுவனம் 1996 வரை செய்து வந்த ஜாவா, யெஸ்டி வண்டிகள் இரண்டு வீச்சு என்ஜின் உடையவை. பெட்ரோலோடு எண்ணெயைக் கலந்தே ஊற்ற வேண்டும். 2018-இல் அதே ஜாவா என்னும் பெயரில் மீண்டும் வந்த வண்டியோ நான்கு வீச்சு என்ஜின் உடையது. பெயரை நம்பி நூலைத் திறப்பவர் கதி என்னாகும் என்பதை வாசகர்களே உய்த்துணரலாம்.

நம் மண்ணோடு தொடர்புடைய செய்தி ஒன்றும் உண்டு. ஜெர்மனியின் சுன்டாப் நிறுவனம் வடிவமைத்த சிறு வண்டிகளைக் கட்டுவதற்கென்றே, 1980-களின் தொடக்கத்தில் என்ஃபீல்டு நிறுவனம் நமது இராணிப்பேட்டையில் ஒரு தொழிற்சாலை அமைத்தது. எக்ஸ்புளோரர், சில்வர் பிளஸ் என்னும் 50 கன சென்டிமீட்டர் வண்டிகள் அங்கு உருவாயின. 1984-இல் மியூனிக் நகரத்துத் தாய்நிறுவனமே நொடித்து மூடப்பட்டது. சில்வர் பிளஸ் ஒன்றை இன்றும் வைத்திருப்பவர், அதன் நூலுக்காகப் புதிய விற்பனைக் கடைக்குச் சென்று கேட்டுப் பயனில்லை. பழம்புத்தகக் கடையிலும், சென்னைப் புதுப்பேட்டை போன்ற உதிரிப் பாகச் சந்தையிலும், பழைய மெக்கானிக்குகளின் பெட்டியிலுமே தேட வேண்டும்.

நிற்க. நூல் என்று பொதுவாகச் சொன்னாலும் மூவகை உண்டு என்பதை அறிதல் நலம். வண்டி வாங்கும்போது தருவது உரிமையாளர் கையேடு. எண்ணெய் மாற்றுதல், சங்கிலியை இறுக்குதல் முதலிய அன்றாடப் பேணுதலை அது சொல்லும். என்ஜினைப் பிரிக்கக் கற்றுத்தராது. இரண்டாவது, மெக்கானிக்குகளுக்கென எழுதப்படும் பணிமனைக் கையேடு. பிரிக்கும் வரிசை, மாட்டும் வரிசை, தேய்மானத்தின் எல்லை, ஒவ்வொரு நட்டையும் எவ்வளவு இறுக்குவது என்னும் கணக்கு ஆகிய யாவும் அதில் இருக்கும். மூன்றாவது, உதிரிப் பாகப் பட்டியல். படமும் எண்ணும் மட்டுமே கொண்ட இதனைப் பலர் பொருட்படுத்துவதில்லை. ஆயினும் எந்த வாஷர் எதன்பின் வரும் என்னும் ஐயத்தை இதன் படமே தீர்த்துவைக்கும்.

இனி, நம்பத்தக்க நூலைக் காணும் வழிகளைக் கூறுவோம்.

முதலாவது, நூலைத் தேடுமுன் வண்டியை அறிக. ஆர்.சி. புத்தகத்தில் சட்ட எண்ணும் என்ஜின் எண்ணும் தயாரித்த ஆண்டும் இருக்கும். பழைய வண்டிகளில் என்ஜினையே மாற்றியிருப்பதும் உண்டு. ஆதலின் ஏட்டில் உள்ள எண்ணை என்ஜின்மேல் பொறித்த எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கியர் மிதி வலப்பக்கமா இடப்பக்கமா என்பதை மட்டும் கொண்டு முடிவு செய்யலாகாது. வார்ப்பிரும்பு புல்லட்டிலும் பிற்காலத்தில் இடப்பக்க மிதி வந்ததுண்டு.

இரண்டாவது, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, எந்த என்ஜினுக்கு உரியது என்று முகப்பிலோ முதற் பக்கங்களிலோ சொல்லாத நூலை நம்பற்க.

மூன்றாவது, நல்ல நூல் அளவுகளை எண்ணால் சொல்லும். ‘நன்றாக இறுக்குக’ என்று மட்டும் எழுதுவது நூலாகாது. அங்குலமா மில்லிமீட்டரா என்பதும் தெளிவாக இருத்தல் வேண்டும். பழைய வண்டிகளில் ஆங்கில அளவு மரைகள் இருப்பதால், மெட்ரிக் ஸ்பேனரைக் கொண்டு திருகினால் நட்டின் முனை மழுங்கிவிடும்.

நான்காவது, படி எடுத்த நூலாயின் எண்களைக் கூர்ந்து நோக்குக. மங்கிய நகலில் 3 என்பது 8 ஆகத் தோன்றும். இடையில் ஒரு தாள் விடுபட்டிருக்கும்.

ஐந்தாவது, உமக்கு ஐயமின்றித் தெரிந்த செய்தி ஒன்றைக் கொண்டு நூலைச் சோதித்துப் பாரும். எண்ணெய் ஊற்றும் வாய்கள் எத்தனை? சங்கிலிப் பெட்டியின் மூடியைத் தாங்கும் நட்டுகள் எத்தனை? படமும் வண்டியும் இதில் ஒத்துவராவிடில் மற்றதில் ஒத்துவரும் என்று எதிர்பார்ப்பது பேதைமை.

நூலாசிரியர் தாமே செய்து பார்த்தவரா என்பதும் முக்கியம். ஆங்கில நாட்டில் ஜான் ஹெய்ன்ஸ் என்பவர் இருந்தார். விமானப்படையில் ஏடன் நகரில் பணியாற்றிய காலத்தில், நண்பர் ஒருவரின் பழுதுற்ற ஆஸ்டின் ஹீலி காரைப் பழுது பார்க்க உதவப் புகுந்தார். தயாரிப்பாளரின் கையேடு சாதாரண மனிதனுக்கு உதவாது எனக் கண்டு, தாம் செய்த ஒவ்வொரு படியையும் புகைப்படம் எடுத்து எழுதினார். 1966-இல் வெளிவந்த அந்நூலே ஹெய்ன்ஸ் கையேடுகளின் முதல்வன். வண்டியை முழுதும் பிரித்து மீண்டும் பூட்டிய பின்னரே எழுதுவது என்னும் நெறியே அவருடைய நூல்களுக்கு நற்பெயர் தேடித்தந்தது. கண்டதை எழுதுபவன் ஒருவன். கேட்டதை எழுதுபவன் மற்றொருவன். கைக்கரி படிந்தவன் எழுத்தையே நாம் நாட வேண்டும்.

மீண்டும் நம் இளைஞரிடம் வருவோம். கை குணமானபின் அவரை ஆம்பூரில் முதிய மெக்கானிக் ஒருவரிடம் அழைத்துச் சென்றோம். ஐம்பதாண்டுகளாகப் புல்லட் வண்டியோடு பழகியவர் அவர். கியர்ப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, தகரப் பெட்டியிலிருந்து பிளாஸ்டிக் தாளில் சுற்றிய நூல் ஒன்றை எடுத்து வைத்தார். அட்டை இல்லை, பக்கமெல்லாம் எண்ணெய்க் கறை. ஓரங்களில் பென்சிலால் தமிழில் குறிப்புகள். “இது என் உஸ்தாத் எழுதினது ஃபாதர். எனக்கு இங்கிலீஷ் வராது. அவர் படித்துச் சொல்லச் சொல்ல நான் செய்தேன். மறக்காமல் இருக்க ஓரத்தில் எழுதிக் கொடுத்தார்” என்றார்.

“பாய், இதை இப்போது யாராவது படிக்கிறார்களா?” என்று வினவினோம்.

“என் பிள்ளைகள் வேறு தொழிலுக்குப் போய்விட்டார்கள். எனக்குப் பிறகு இது பழைய பேப்பருக்குத்தான் போகும்” என்று சொல்லிச் சிரித்தார். அச்சிரிப்பில் மகிழ்ச்சி இல்லை.

அன்று முதல் ஞாயிறு பிற்பகல்களில் நம் இளைஞர் அக்கடைக்குச் செல்லலானார். ஆங்கிலப் பகுதியை அவர் படித்துப் பொருள் சொல்ல, பெரியவர் செய்து காட்டித் திருத்த, நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்று தமிழில் நிறைந்தது. அதன் முதற் பக்கத்தில், கட்டமிட்டு, இளைஞர் தம் கையால் எழுதியிருப்பது இது: ‘இந்த நோட்டு 1986 வார்ப்பிரும்பு என்ஜினுக்கு மட்டும். எண்ணெய் மூன்று இடம்.’

அவ்வரியை எழுதிய கையின் மணிக்கட்டில் இன்னும் தழும்பு இருக்கிறது.

வாசகர்களே, பிரேக்கிலும் முன்சக்கரத் தண்டிலும் பழக்கமில்லாதவர் நூலை மட்டும் நம்பிக் கைவைக்க வேண்டா. தேர்ந்த கையிடம் விடுவதே அறிவுடைமை. மற்றவற்றிற்கு நூல் நல்ல துணை. ஆயினும் அது யாருக்கு, எந்த வண்டிக்கு, யாரால் எழுதப்பட்டது என்று கேட்டறிந்த பின்னரே அதைக் கையில் எடுங்கள். உங்கள் ஊரில் பழைய மெக்கானிக் ஒருவர் இருப்பாராயின், அவருடைய தகரப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை விசாரியுங்கள். காலம் கடத்த வேண்டா.