பகலில் கொளுத்துது.. ராத்திரி கொட்டுது! புரட்டாசி வெயிலுக்கு என்னதான் காரணம்?

ஆடி முடிந்து ஆவணியும் போயாச்சு. இனிமேலாவது வெயில் குறையும் என்று பார்த்தால், மே மாதத்தை திரும்ப கொண்டு வந்தது மாதிரி கொளுத்துது. சாயங்காலம் திடீர்னு மேகம் திரண்டு, இடி இடித்து, அரை மணி நேரம் அடித்து ஊற்றிவிட்டு போகுது. மறுநாள் காலையில் மறுபடியும் அதே வெயில். புரட்டாசி வந்தால் சென்னை டீக்கடைகளில் தினமும் இதே பேச்சுதான்.

இது புதுசு இல்லை. "புரட்டாசியில் பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும்" என்று அந்த காலத்திலேயே சொல்லி வைத்து விட்டார்கள். ஒரே மாதத்தில் ரெண்டும் எப்படி நடக்கிறது? இதோ விவரம்..

சூரியன் இன்னும் தலைக்கு மேலேதான்

சென்னையில் சூரியன் நேர் உச்சிக்கு வருவது வருஷத்துக்கு 2 தடவை. ஏப்ரல் கடைசியில் ஒரு தடவை, ஆகஸ்டு 18-ந்தேதி வாக்கில் இன்னொரு தடவை. கன்னியாகுமரியில் இந்த இரண்டாவது தடவை செப்டம்பர் தொடக்கத்தில் வருகிறது. ஆக, புரட்டாசி பிறக்கும்போது சூரியன் நம்மை விட்டு ரொம்ப தூரம் போகவில்லை. சென்னையில் செப்டம்பர் மாத பகல் வெப்பம் சராசரியாக 34 டிகிரி செல்சியஸ். சில நாளில் அது 37-ஐ தொடும். 37.8-ஐ தாண்டினால் பாரன்ஹீட் கணக்கில் 100. அதைத்தான் "வெயில் சதம் அடித்தது" என்று எழுதுகிறோம்.

வடக்கே வெள்ளம், இங்கே அனல்!

இன்னொரு காரணம் காற்று. தென்மேற்கு பருவக்காற்று மேற்கு தொடர்ச்சி மலையில் மோதி, கேரளா பக்கம் மழையை இறக்கி வைத்து விடுகிறது. மலையை தாண்டி கீழே இறங்கும்போது அது வறண்ட, சூடான காற்றாகி விடுகிறது. வட மாநிலங்களில் பருவமழை வெளுத்து வாங்கும் நாட்களில் இந்த மேற்கு காற்று இங்கே பலமாக வீசும். டி.வி.யில் அங்கே வெள்ளத்தை காட்டும்போது இங்கே நாம் வேர்த்து வடிவதற்கு இதுதான் காரணம். மதுரை, திருச்சி, பாளையங்கோட்டை பக்கம் இந்த காற்றை நேராக வாங்குவதால் அங்கே இன்னும் மோசம்.

சென்னையை காப்பாற்றுவது கடல் காற்று ஒன்றுதான். அதையும் மேற்கு காற்று உள்ளே விடாது. மதியம் 12 மணிக்கு வர வேண்டிய கடல் காற்று 3 மணிக்கு வரும், சில நாள் வராமலே போகும். நுங்கம்பாக்கத்தைவிட மீனம்பாக்கத்தில் வெயில் ஒரு டிகிரி கூடுதலாக பதிவாவது இதனால்தான். கடல் காற்று அங்கே போய் சேர நேரமாகும்.

வானிலை மையம் சொல்லும் டிகிரி, நிழலில், காற்றோட்டமான மரப்பெட்டிக்குள் இருக்கும் தெர்மாமீட்டரின் கணக்கு. தார் ரோட்டில் கல் சுமக்கிறவருக்கும், சிமெண்டு ஷீட் போட்ட வீட்டில் சமைக்கிறவருக்கும் சூடு அதற்கு மேலேதான்.

மழை எங்கிருந்து வருது?

செப்டம்பர் 17-ந்தேதி வாக்கில், அதாவது நமக்கு புரட்டாசி பிறக்கும் அதே சமயத்தில், ராஜஸ்தானில் இருந்து தென்மேற்கு பருவமழை விலக ஆரம்பிக்கும். மேற்கு காற்று தளர்ந்ததும் கடல் காற்று ஈரத்தோடு உள்ளே நுழையும். காஞ்சிபுரம், திருவள்ளூர், ராணிப்பேட்டை பக்கம் ரெண்டு காற்றும் முட்டிக்கொள்ளும். வெயிலில் காய்ந்த தரையின் சூடும் சேர்ந்து, ஈரக்காற்று மேலே ஏறி மேகமாக கட்டும். மதியம் 3, 4 மணிக்கு அங்கே கட்டும் மேகம், மேல் காற்றோடு கிழக்கே நகர்ந்து ராத்திரி சென்னைக்கு வந்து கொட்டும். சாயங்காலம் மேற்கு வானம் கருத்தால் பிளாட்பார கடைக்காரர்கள் தார்பாயை எடுத்து வைப்பது நல்லது.

இந்த மேகம் சில கிலோ மீட்டர் அகலம்தான். அதனால்தான் அம்பத்தூரில் தண்ணீர் தேங்கும்போது அடையாறில் ஒரு சொட்டு விழாது.

"ஓரிரு இடங்களில்" என்றால்..

"மழை வரும்னாங்க, வரவே இல்லையே" என்று பலரும் திட்டுவது உண்டு. பாதி கோபம் வார்த்தை புரியாததால் வருவது. "ஓரிரு இடங்களில்" என்றால், மழைமானி வைத்திருக்கும் இடங்களில் கால்வாசிக்குள் மட்டும் மழை என்று அர்த்தம். 100 இடத்தில் 75 இடம் காய்ந்தே கிடக்கலாம். "ஒரு சில இடங்களில்" என்றால் பாதி வரை. "கனமழை" என்றால் 24 மணி நேரத்தில் 7 முதல் 11 சென்டி மீட்டர். 12-ல் இருந்து 20 வரை மிக கனமழை. அந்த 24 மணி நேரம் காலை 8.30-க்கு தொடங்கி மறுநாள் 8.30-க்கு முடியும்.

டெல்டாவில் இந்த ராத்திரி மழை வயிற்றில் அடிக்கிற விஷயம். குறுவை அறுவடை நேரம் இது. கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. பகலெல்லாம் ரோட்டில் காய வைத்து 17-க்கு கொண்டு வந்த நெல், ராத்திரி ஒரு மழையில் நனைந்தால் மறுபடி முதலில் இருந்து காய வைக்கணும். கூலியும் போச்சு, நாளும் போச்சு. தூத்துக்குடி, வேதாரண்யம் உப்பளங்களிலும் இப்படித்தான். சீசன் முடியும் நேரத்தில் கிடைக்கிற வெயிலில் முடிந்த வரைக்கும் உப்பை வாரி குவித்தாக வேண்டும்.

இந்த மழையை பார்த்து வடகிழக்கு பருவமழை வந்துவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். அதற்கு தென்மேற்கு பருவமழை முழுசாக விலகி, காற்று திசை மாறி கிழக்கில் இருந்து வீச வேண்டும். வழக்கமாக அக்டோபர் 20-ந்தேதி வாக்கில். 2023-ல் 21-ந்தேதியும், 2024-ல் 15-ந்தேதியும் தொடங்கியது.

அதுவரை புரட்டாசி மழையில் பெரிய ஆபத்து மின்னல். மின்னல் அடித்து 30 நொடிக்குள் இடி கேட்டால் அது 10 கிலோ மீட்டருக்குள் இருக்கிறது. வயலில், மொட்டை மாடியில் நிற்காமல் கட்டிடத்துக்குள் போய்விட வேண்டும். மரத்தடியில் ஒதுங்கவே கூடாது. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்து வெளியே வந்தால் போதும். மத்திய அரசு ஆராய்ச்சி நிலையத்தின் "தாமினி" செயலியை செல்போனில் வைத்திருந்தால், அக்கம்பக்கத்தில் மின்னல் அடிப்பதை முன்கூட்டியே காட்டும்.