கூட்டணி நாடுகளின் படைத்துறைத் தகவல் பகிர்வில் கட்டச்சங்கிலி

கட்டச்சங்கிலி அல்லது பிளாக்செயின் என்பது, பதிவுகளைக் கட்டங்களாகத் தொகுத்து, ஒவ்வொரு கட்டத்திலும் முந்தைய கட்டத்தின் ஹாஷ் மதிப்பைச் சேர்த்துப் பிணைக்கும் பகிர்ந்த பேரேடு ஆகும். பழைய பதிவில் ஓர் எழுத்தை மாற்றினாலும் அதன்பின் வரும் பிணைப்புகள் பொருந்தாமல் போகும். நேட்டோ போன்ற கூட்டணிகளில் இதனைப் பயன்படுத்துவது பற்றிய ஆய்வுகள் 2010களில் தொடங்கின.

தேவை

பொதுவான வழங்கியை ஒரு நாடு நடத்தினால் ஏனைய நாடுகள் அந்நாட்டை நம்பியே ஆகவேண்டும். அவ்வழங்கியில் ஊடுருவும் எதிரி, படைநிலைகளின் இருப்பிடக் குறிப்புகளைத் திருத்திவிட்டால் சொந்தக் கூட்டாளியின் மீதே குண்டு வீச நேரிடலாம். களவுபோன தகவலை விடத் திருத்தப்பட்ட தகவல் சில வேளைகளில் கொடியது. பேரேட்டின் படி ஒவ்வொரு நாட்டிடமும் இருந்தால் அத்திருத்தம் உடனே வெளிப்படும்.

பைசாந்தியத் தளபதிகள் சிக்கல்

இதன் கணித அடிப்படை ஒரு போர்க்களக் கதையாகவே சொல்லப்பட்டது. லெசுலி லாம்போர்ட், இராபர்ட் சோசுடாக், மார்சல் பீசு ஆகியோர் 1982இல் இதனை வெளியிட்டனர். நகரொன்றை முற்றுகையிட்ட தளபதிகள் தூதர் வழியாகவே பேசி ஒரே முடிவுக்கு வரவேண்டும். அவர்களுள் சிலர் துரோகிகள். ஒப்பமில்லாச் செய்திகளைக் கொண்டு உடன்பாடு காண, மொத்தத் தளபதிகள் துரோகிகளின் மூன்று மடங்கை விடக் கூடுதலாக இருக்கவேண்டும். 2024இல் சுவீடன் இணைந்தபின் நேட்டோவில் 32 நாடுகள் உள்ளன. நாட்டுக்கு ஒரு கணு எனக் கொண்டால், 10 கணுக்கள் எதிரி வசமானாலும் உடன்பாடு காணலாம்; 11 ஆனால் இயலாது.

முயற்சிகள்

2007இல் பெரும் இணையத் தாக்குதலுக்கு உள்ளான எசுத்தோனியா, தன் அரசுப் பதிவேடுகளைக் காக்க ஹாஷ் பிணைப்பு முறையொன்றைக் கையாண்டது. ஆவணம் உரியவரிடமே இருக்கும். ஹாஷ் மதிப்பு மட்டுமே வெளியே செல்லும். (பிட்காயினைப் போன்றதன்று என்பதால் இதனைக் கட்டச்சங்கிலி என அழைக்கலாமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு.) 2016இல் நேட்டோவின் தகவல் தொடர்பு முகமை நடத்திய புத்தாக்கப் போட்டியின் தலைப்புகளுள் கட்டச்சங்கிலியின் படைத்துறைப் பயன்பாடும் ஒன்று.

குறைபாடுகள்

கட்டச்சங்கிலி தானாக இரகசியம் காப்பதில்லை. படிகள் பெருகப் பெருகக் கசியும் வாய்களும் பெருகும். எனவே ஆவணத்தைத் தனியே மறையீடு செய்து வைத்தல் வேண்டும். தொடக்கத்திலேயே பொய்யாகப் பதிந்த தகவல், பொய்யாகவே பாதுகாக்கப்படும். உரிய அனுமதி பெற்றவர் கசியவிடுவதையும் இது தடுக்காது. 2010இல் விக்கிலீக்சு வெளியிட்ட அமெரிக்கப் படைத்துறை ஆவணங்கள், அவற்றைப் படிக்க அனுமதி பெற்றிருந்த ஒரு படைவீரர் வழியாகவே வெளிவந்தன.