ரொசாரியோ தந்த காவல்காரர்

டியேகோ கோடின் 1986 பிப்ரவரி 16 அன்று உருகுவேயின் தென்மேற்கில், கொலோனியா மாநிலத்தைச் சேர்ந்த ரொசாரியோ என்ற சிற்றூரில் பிறந்தார். ரொசாரியோ என்றதும் கால்பந்து ரசிகர்களுக்கு மெஸ்ஸிதான் நினைவுக்கு வருவார். அவருடைய ஊர் அர்ஜென்டினாவில் உள்ள பெருநகரம், இது வேறு. கோடின் ஐரோப்பாவில் பதினான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆடினார். ஒரு தற்காப்பு ஆட்டக்காரரின் நல்ல நாள் என்பது எதுவுமே நடக்காத நாள். எதிரணி கோல் போடவில்லை என்றால் அதைத் தடுத்தவரின் பெயர் மறுநாள் செய்தித்தாளின் தலைப்பில் வராது. கோடினின் பெயர் தலைப்பில் வந்தது. அதற்குக் காரணம் அவர் தடுத்த கோல்கள் அல்ல, போட்ட கோல்கள் என்பதுதான் வேடிக்கை.

உருகுவேயின் மக்கள்தொகை ஏறக்குறைய 35 லட்சம். அந்தச் சின்ன நாடு 1930-லும் 1950-லும் உலகக் கோப்பையை வென்றிருக்கிறது. அங்கே 'பேபி ஃபுட்பால்' என்ற பெயரில் சிறுவர்களுக்கான லீக்குகள் ஊருக்கு ஊர் நடக்கின்றன. தேறி வருபவர்களைத் தலைநகர் மொன்டெவிடியோவின் கிளப்புகள் அழைத்துக்கொள்ளும். இரண்டு மூன்று ஆண்டுகள் ஆடவைத்து ஐரோப்பாவுக்கு விற்கும். டிக்கெட் விற்றுக் கிளப் நடத்த முடியாத நாட்டில் ஆட்டக்காரர்களை விற்பதுதான் வருமானம். கோடினும் அந்த வழியில் போனவர்தான், ஆனால் நேராகப் போகவில்லை. சிறுவயதில் அவர் ஆடியது முன்வரிசையில். டிஃபென்சர் ஸ்போர்ட்டிங் கிளப்பின் இளைஞர் அணியில் நிலைக்க முடியாமல் செர்ரோவுக்கு வந்தார். மொன்டெவிடியோவில் இறைச்சிப் பதனிடும் ஆலைத் தொழிலாளர்கள் குடியேறி வளர்ந்த பேட்டை செர்ரோ. கிளப்பும் அந்தப் பேட்டையின் பெயரையே தாங்கியது. அங்கேதான் அவர் பின்வரிசைக்காரர் ஆனார். 2003-இல் முதல் ஆட்டம். 2005 அக்டோபரில், 19 வயதில், மெக்சிகோவுக்கு எதிராக நாட்டின் சட்டையை அணிந்தார். அடுத்த ஆண்டு நாட்டின் இரு பெரிய கிளப்புகளில் ஒன்றான நாசியோனல் அவரை எடுத்துக்கொண்டது. 2007-இல் ஸ்பெயின்.

முதலில் சேர்ந்த இடம் வில்லாரியல். ஓடு, டைல்ஸ் தொழிலுக்குப் பேர்போன சிறு நகரம். ஊரின் மொத்த மக்களையும் பார்சிலோனாவின் மைதானத்துக்குள் அடக்கிவிடலாம். சிலி நாட்டவரான மானுவல் பெல்லெக்ரினி பயிற்சியாளராக இருந்த அந்த அணிக்குத் தென் அமெரிக்க வாசனை அதிகம். கோடின் வந்த அதே கோடையில் இன்னொரு உருகுவேக்காரரான டியேகோ ஃபோர்லான் அங்கிருந்து அத்லெடிகோ மாட்ரிட்டுக்குப் போனார். 2007-08 பருவத்தில் வில்லாரியல் ஸ்பானிய லீக்கில் இரண்டாம் இடம் பிடித்தது. அந்த உயரத்தை அது அதற்கு முன் தொட்டதில்லை. அடுத்த ஆண்டு சாம்பியன்ஸ் லீக்கில் கால் இறுதி வரை சென்றது. மூன்று பருவங்கள் அங்கே கழிந்தன. ஓட்டத்தில் தன்னைவிட வேகமான முன்வரிசைக்காரர்களை ஓடிப் பிடிக்கப் பார்க்காமல், பந்து எங்கே வரும் என்று முன்கூட்டிக் கணித்து நிற்கும் பழக்கம் அங்கே படிந்தது.

2010 உலகக் கோப்பையில் உருகுவே நான்காம் இடம் பெற்றது. அது முடிந்த கையோடு கோடினும் அத்லெடிகோ மாட்ரிட்டுக்குப் போனார். இன்று நினைக்கும் அத்லெடிகோ அல்ல அது. அந்தப் பருவத்தில் லீக்கில் ஏழாம் இடம். 2011 டிசம்பரில், மூன்றாம் நிலையில் ஆடிய அல்பசேட்டேயிடம் தோற்று ஸ்பானியக் கோப்பையிலிருந்து வெளியேறியது. அந்த மாதமே பயிற்சியாளர் மாற்றப்பட்டார். வந்தவர் டியேகோ சிமியோனி. ஒரு காலத்தில் இதே கிளப்பில் நடுக்கள ஆட்டக்காரராக இருந்த அர்ஜென்டினாக்காரர். ஐந்தே மாதத்தில், புகாரெஸ்டில் அத்லெடிக் பில்பாவோவை 3-0 என்று வென்று யூரோப்பா லீக் கோப்பை கைக்கு வந்தது. 2013-இல் பரம எதிரியான ரியல் மாட்ரிட்டை அதன் சொந்த மைதானத்திலேயே 2-1 என்று தோற்கடித்து ஸ்பானியக் கோப்பை.

சிமியோனியின் முறை எளிது, ஆனால் உயிரை வாங்குவது. நான்கு பேர் ஒரு வரிசை, அவர்களுக்கு முன்னால் நான்கு பேர் இன்னொரு வரிசை. இரண்டுக்கும் நடுவே ஆள் நுழைய இடம் இருக்காது. வரிசை பக்கவாட்டில் சுருங்கி நிற்பதால் நடுவழி அடைபடும். ஓரங்கள் மட்டும் திறந்திருக்கும். எதிரணி வேறு வழியின்றி ஓரத்துக்குப் போய் அங்கிருந்து பந்தைத் தூக்கி உள்ளே போட வேண்டும். அந்த உயரப் பந்துக்குத்தான் கோடினும் பிரேசிலின் மிராண்டாவும் காத்திருப்பார்கள். எதிரணிக்குத் தாக்குதல் போலத் தோன்றுவது இவர்களுக்குத் தீனி. 2013-14 லீக்கில் 38 ஆட்டங்களில் அத்லெடிகோ வாங்கிய கோல்கள் 26. 2015-16-இல் வெறும் 18. கோல்கீப்பர்களான கூர்ட்வாவுக்கும் ஒப்லாக்குக்கும் அதில் பெரும் பங்கு உண்டு. ஆனால் கோல்கீப்பர் எப்படி மாறினாலும் அவருக்கு முன்னால் நின்ற 2-ஆம் எண் சட்டை மாறவில்லை.

பின்வரிசையில் அதிகம் தெரியாத வேலை, பேச்சு. வரிசை எப்போது இரண்டடி முன்னே ஏற வேண்டும், எப்போது பின்வாங்க வேண்டும் என்று ஒருவர் சத்தம் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஒருவர் மட்டும் பின்தங்கினாலும் ஆஃப்சைடு கோடு உடைந்துவிடும். கோடின் அந்தக் குரலாக இருந்தார். 2013-இல் மொன்டெவிடியோவின் டனுபியோ கிளப்பிலிருந்து வந்த ஹோசே மரியா ஹிமெனெஸ் என்ற இளைஞர் இந்தக் குரலைக் கேட்டே வளர்ந்தார். கிளப்பிலும் நாட்டு அணியிலும் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் நின்று ஆடினார்கள். அது எந்த அணிக்கும் எளிதில் வாய்க்காத வசதி.

அவர் வாழ்க்கையில் 2014-இன் 38 நாட்களைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். மே 17, பார்சிலோனாவின் கேம்ப் நோ மைதானம், லீக்கின் கடைசி ஆட்டம். டிரா செய்தால் அத்லெடிகோவுக்குப் பட்டம், வென்றால் பார்சிலோனாவுக்கு. அத்லெடிகோவின் முதன்மைத் தாக்குதல்காரர் டியேகோ கோஸ்டா 16-ஆம் நிமிடத்தில் காயத்தோடு வெளியேறினார். சற்று நேரத்தில் அர்தா துரானும். அலெக்சிஸ் சான்செஸ் பார்சிலோனாவுக்கு ஒரு கோல் போட்டார். இடைவேளை முடிந்து நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. அத்லெடிகோ கேப்டன் காபி அடித்த கார்னர் கிக் பெட்டிக்குள் வளைந்து வந்தது. ஓடிவந்த கோடின் கூட்டத்துக்கு மேலே எழும்பி முட்டினார். கோல்கீப்பர் பின்டோவால் தடுக்க முடியவில்லை. மீதி நேரத்தை அத்லெடிகோ தனக்குத் தெரிந்த ஒரே வழியில், மூடிக்கொண்டு கழித்தது. 1-1. 1996-க்குப் பிறகு முதல் லீக் பட்டம். பார்சிலோனா ரசிகர்கள் எழுந்து நின்று எதிரணிக்குக் கைதட்டினார்கள்.

சரியாக ஒரு வாரம் கழித்து, லிஸ்பனில் சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டி. எதிரே ரியல் மாட்ரிட். 36-ஆம் நிமிடத்தில், திரும்பவும் உள்ளே வந்த உயரப் பந்தைப் பிடிக்க ரியலின் கோல்கீப்பர் இகர் கசியாஸ் கோல் கோட்டை விட்டு வெளியே வந்தார்; பந்து கோடினின் தலையில் பட்டு அவரைத் தாண்டிப் போனது. கசியாஸ் திரும்பி ஓடிக் கையால் வெளியே தள்ளுவதற்குள் அது கோட்டைக் கடந்துவிட்டது. கோப்பை அத்லெடிகோவுக்கு என்று எல்லோரும் முடிவுகட்டியிருந்த 93-ஆம் நிமிடத்தில் ரியலின் செர்ஹியோ ராமோஸ் ஒரு கார்னரில் தலையால் முட்டிச் சமன் செய்தார். கோடின் இத்தனை நாளும் பிறருக்குச் செய்ததை அன்று இன்னொரு பின்வரிசைக்காரர் அவருக்குச் செய்தார். கூடுதல் நேரத்தில் அத்லெடிகோ 4-1 என்று சரிந்தது.

ஜூன் 24, பிரேசிலின் நதால் நகரில் உலகக் கோப்பை ஆட்டம். இத்தாலியை வென்றால்தான் உருகுவே அடுத்த சுற்றுக்குப் போக முடியும். உருகுவேயின் லூயிஸ் சுவாரெஸ் இத்தாலியின் கியெல்லினியைத் தோளில் கடித்தது இந்த ஆட்டத்தில்தான். உலகம் அதை மட்டும்தான் ஞாபகம் வைத்திருக்கிறது. கடிக்கு இரண்டு நிமிடம் கழித்து, 81-ஆவது நிமிடத்தில், கார்னர் பந்து கோடினின் மேல் பட்டு வலைக்குள் போனது. தலையில் பட்டதா, தோளிலா, முதுகிலா என்று சண்டை போடலாம், ஸ்கோர் 1-0.

2016-இல் மிலானில் மீண்டும் சாம்பியன்ஸ் லீக் இறுதி, மீண்டும் ரியல் மாட்ரிட், இம்முறை பெனால்டிகளில் தோல்வி. 2018 பிப்ரவரியில் வாலென்சியா கோல்கீப்பர் நெட்டோவோடு மோதியதில் கோடின் பற்களை இழந்தார். மே மாதம் லியோனில் மார்செய் அணியை 3-0 என்று வென்று அவருக்கு இரண்டாவது யூரோப்பா லீக் கோப்பை.

அந்தக் கோடையில் ரஷ்யாவில் நடந்த உலகக் கோப்பையில் கேப்டன் கோடினின் உருகுவே, குழுச் சுற்றின் மூன்று ஆட்டங்களிலும் ஒரு கோல்கூட வாங்கவில்லை. கால் இறுதியில் பிரான்ஸ் 2-0 என்று வென்றது. இரண்டாவது கோலைப் போட்ட அன்டோயின் கிரீஸ்மன் அதைக் கொண்டாடவில்லை. அத்லெடிகோவில் கோடினோடு சேர்ந்து உருகுவேக்காரர்களின் மாத்தே பானத்துக்குப் பழகியவர் அவர். அவருடைய மகளின் ஞானத்தந்தை கோடின்.

2018 நவம்பர் 10 அன்று நடந்த ஒரு சாதாரண லீக் ஆட்டத்தையும் விட்டுவிட முடியாது. பில்பாவோவுக்கு எதிரான அந்த ஆட்டத்தில் கோடினின் தொடையில் தசை பிடித்துக்கொண்டது. மூன்று மாற்று ஆட்டக்காரர்களும் ஏற்கனவே இறங்கிவிட்டதால் அவரை வெளியே எடுத்தால் பத்துப் பேரோடு ஆட வேண்டும். நொண்டுகிற பின்வரிசைக்காரர் பின்னால் நின்றால் ஆபத்து. ஆகவே சிமியோனி அவரை முன்வரிசைக்கு அனுப்பினார். 91-ஆவது நிமிடத்தில் எதிரணியின் கோல் வாசலில் நின்றிருந்த அவர் பந்தை உள்ளே தள்ளினார். லைன்ஸ்மேன் கொடி தூக்கினார்; வீடியோ நடுவர் பார்த்து கோல் என்றார். அத்லெடிகோ 3-2. சிறுவயதில் விட்டுவந்த இடத்தில் ஒற்றைக் காலோடு கொஞ்ச நேரம் நின்றதற்குக் கிடைத்த கூலி.

2019-இல் ஒப்பந்தம் முடிந்தது. அத்லெடிகோவுக்காக ஆடியவை 389 ஆட்டங்கள், போட்டவை 27 கோல்கள். அதுவரை அந்தக் கிளப்புக்காக எந்த வெளிநாட்டவரும் அவ்வளவு ஆட்டங்கள் ஆடியதில்லை. 33 வயதில் இத்தாலியின் இன்டர் மிலானுக்குச் சென்றார். அன்டோனியோ கோன்டே அங்கே மூன்று பேர் பின்வரிசையை வைத்திருந்தார். நான்கு பேர் வரிசையில் நடுவில் நின்றே பழகியவருக்கு மூவரில் ஓரத்து ஆளாக நிற்பது சங்கடம். காக்க வேண்டிய வெற்றிடம் இரு மடங்கு, கால்களுக்கோ வயதாகிவிட்டது. பருவத்தின் கடைசி மாதங்களில்தான் இடம் உறுதியானது. 2020 ஆகஸ்ட்டில், கோலோனில் ஆளில்லா மைதானத்தில் நடந்த யூரோப்பா லீக் இறுதியில் செவில்லாவுக்கு எதிராகத் தலையால் முட்டி 2-2 ஆக்கினார். இன்டர் 3-2 என்று தோற்றது. ஐரோப்பாவின் இரண்டு பெரிய கோப்பைகளின் இறுதியிலும் கோல் போட்டு, இரண்டிலும் தோற்ற பின்வரிசைக்காரர் என்ற விசித்திரப் பெயர் அவருக்கு மிஞ்சியது. அவர் கிளம்பிய மறு பருவம் இன்டர் இத்தாலிய லீக்கை வென்றது.

அடுத்த இடம் சார்டினியா தீவின் காலியரி. 1990-இல் என்ஸோ ஃபிரான்செஸ்கோலி, டேனியல் ஃபொன்சேகா, ஹோசே ஹெரேரா என்று மூன்று உருகுவேக்காரர்களை ஒரே நேரத்தில் வாங்கிய கிளப் அது. அந்த ஹெரேரா கோடினின் மாமனார். அங்கே கீழ்நிலைக்கு இறங்காமல் தப்பிக்கும் போராட்டமே மிச்சம். 2022 தொடக்கத்தில் ஐரோப்பாவை விட்டு பிரேசிலின் அத்லெடிகோ மினெய்ரோவுக்கும், பிறகு அர்ஜென்டினாவின் வேலெஸ் சார்ஸ்ஃபீல்டுக்கும் போனார்.

அந்த ஆண்டுக் கடைசியில் கத்தாரில் நான்காவது உலகக் கோப்பை, வயது 36. தென் கொரியாவுக்கு எதிராக முதல் பாதி முடியும் நேரத்தில் ஒரு கார்னர் பந்தை வழக்கம்போல் எழும்பி முட்டினார். பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. போர்ச்சுகலிடம் தோற்ற அடுத்த ஆட்டத்துக்குப் பிறகு, கானாவுக்கு எதிரான மூன்றாவது ஆட்டத்தில் அவர் வெளியே உட்கார்ந்திருந்தார். ஹிமெனெஸ் உள்ளே ஆடினார். நாட்டுக்காக 161 ஆட்டங்கள், 8 கோல்கள். உருகுவேக்காக இத்தனை ஆட்டங்கள் ஆடியவர் வேறு யாரும் இல்லை. 2023 ஜூலையில், 37 வயதில், வேலெஸ் சட்டையோடு ஆட்டத்திலிருந்து விலகினார்.