இரைச்சலா, இசையா?

ஒழுங்கான அதிர்வுகளால் பிறப்பது இசையொலி. ஒழுங்கற்ற அதிர்வுகளால் பிறப்பது இரைச்சல். இது நாம் பள்ளியில் கற்கும் பாடம். இந்தப் பாகுபாட்டையே சோதித்துப் பார்க்கும் இசைவகை ஒன்று உண்டு. 1980-களில் அமெரிக்காவில் உருப்பெற்ற 'டெத் மெட்டல்'தான் அது. கரகரக்கும் மின் கிதார், இடிபோல் முழங்கும் டிரம், உறுமும் குரல் ஆகியவை இதன் அடையாளங்கள். நீண்ட, பல பகுதிகள் கொண்ட பாடல்களும் மென்மையான இடைப்பகுதிகளும் இதனுடன் சேரும்போது அதனைப் 'புரோகிரசிவ் டெத் மெட்டல்' என்கிறார்கள்.

சுவீடனைச் சேர்ந்த ஓபெத் குழு 2001-இல் வெளியிட்ட 'பிளாக்வாட்டர் பார்க்' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 8 பாடல்கள், ஏறத்தாழ 67 நிமிடங்கள். 2000-ஆம் ஆண்டில் கோதன்பர்க் நகரிலுள்ள ஃபிரெட்மன் ஒலிப்பதிவுக் கூடத்தில் இது பதிவாயிற்று. இங்கிலாந்து இசைக்கலைஞர் ஸ்டீவன் வில்சன் தயாரிப்பில் பங்கேற்றார். இத்தகைய ஒலி எவ்வாறு உருவாகிறது?

தலை வெட்டுண்ட அலை

மின் கிதாரின் எஃகுக் கம்பி அதிரும்போது, அதன் அடியிலுள்ள காந்தச் சுருளில் சிறிய மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. பெருக்கி அதைப் பெரிதாக்குகிறது. பெருக்கியின் எல்லைக்குள் இருக்கும்வரை அலையின் வடிவம் மாறுவதில்லை. எல்லையை மீறினால் அலையின் முகடுகளும் அகடுகளும் வெட்டுண்டு தட்டையாகின்றன. இதுவே திரிபு. வானொலிப் பெட்டியில் இது ஒரு குறை. மெட்டல் கலைஞர்களோ இதை விரும்பி உண்டாக்குகிறார்கள். தட்டையான அலையில், அடிப்படை அதிர்வெண்ணின் முழு எண் மடங்குகளான சீரிசைகள் வலுப்பெறுகின்றன. கரகரப்புக்கு அவையே காரணம்.

இரு கம்பிகளைச் சேர்த்து மீட்டினால் ஒரு விந்தை நிகழ்கிறது. திரிபு, இரண்டு அதிர்வெண்களின் கூட்டுத்தொகையையும் வேறுபாட்டையும்கூட ஒலியில் சேர்த்துவிடுகிறது. கிதாரின் தடித்த கம்பி வழக்கமான சுருதியில் சுமார் 82 ஹெர்ட்ஸில் அதிரும். அதைச் சட்ஜமாகக் கொண்டால் பஞ்சமம் சுமார் 123 ஹெர்ட்ஸ். வேறுபாடு 41. இது 82-இல் பாதி. அதாவது ஒரு ஸ்தாயி கீழேயுள்ள அதே சுரம்! எந்தக் கம்பியும் எழுப்பாத அந்த ஆழ்ந்த ஒலி பெருக்கியிலே பிறக்கிறது.

பஞ்சமத்துக்குப் பதில் அந்தர காந்தாரத்தை மீட்டினால்? கிதாரின் மெட்டுகளில் அது 103.8 ஹெர்ட்ஸ். அதன் 4-ஆவது சீரிசை சுமார் 415, 82.4 ஹெர்ட்ஸின் 5-ஆவது சீரிசை 412. ஆகவே நொடிக்கு 3 விம்மல்கள். திரிபு இவற்றை வலுவாக்க, ஒலி குழம்பிவிடுகிறது.

முதலில் எது?

இந்தக் குழப்பத்தைத் தவிர்க்க வழி என்ன? ஒலிப்பதிவுக் கூடத்தில் டிரம், பாஸ் கிதார், ஒவ்வொரு கிதார், குரல் ஆகியவற்றைத் தனித்தனித் தடங்களில் பதிவு செய்யலாம். இரு கிதார்களுக்கும் வெவ்வேறு சுரங்களைக் கொடுத்தால், ஒவ்வொன்றும் தனித்தே திரிபடையும். பின்னர் தடங்களைக் கலக்கும்போது அலைகள் வெறுமனே கூட்டப்படுகின்றன. புதிய அதிர்வெண்கள் தோன்றுவதில்லை. (அ + ஆ)² என்பதும் அ² + ஆ² என்பதும் சமமல்ல அல்லவா? அதுபோலவே, கூட்டியபின் திரிப்பதும் திரித்தபின் கூட்டுவதும் ஒன்றல்ல. கணக்கில் கூடுதலாக வரும் 2அஆ போன்ற உறுப்புத்தான் இங்கே கூட்டு, வேறுபாட்டு அதிர்வெண்களாகக் கேட்கிறது.

உறுமும் குரல்

இத்தொகுப்பில் மிக்கேல் ஓக்கர்ஃபெல்ட் தெளிந்த குரலிலும் பாடுகிறார், உறுமவும் செய்கிறார். தெளிந்த குரலில் குரல் நாண்கள் சீராக அதிர்கின்றன. உறுமும்போது, அவற்றுக்குச் சற்று மேலேயுள்ள 'போலிக் குரல் நாண்கள்' எனும் மடிப்புகளும் சேர்ந்து அதிர்வதால் ஒழுங்கு குலைகிறது. சுருதி மங்கினாலும் சொல்லின் தாளம் நிற்கிறது.

ஆக, இது இரைச்சலா, இசையா? ஒரு வரைபடத் தாள் எடுங்கள். ஒரே நீளத்துக்குள் 2 முழு அலைகள் கொண்ட வளைகோட்டையும் 3 முழு அலைகள் கொண்ட வளைகோட்டையும் வரைந்து கூட்டுங்கள். கிடைத்த அலையின் முகடுகளையும் அகடுகளையும் கிடைக்கோடு போட்டு வெட்டுங்கள். வளைகோடுகளை இதேபோல் மேலும் நீட்டி வரைந்தால், அதே வடிவம் மீண்டும் மீண்டும் வருவதைக் காண்பீர்கள். கிதாரில் அது நொடிக்கு 41 முறை வருகிறது. காதுக்குக் கரடுமுரடாக இருப்பதெல்லாம் ஒழுங்கற்றது அல்ல. உறுமலோ இரைச்சலை நெருங்குகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததுதான் இந்த இசையின் துணிவு. பிடிக்கிறதா இல்லையா என்பதை உங்கள் காது சொல்லட்டும். ஒழுங்கு உள்ளதா என்பதை வரைபடத் தாளைக் கேளுங்கள்.