35 வயதில் மருத்துவப் படிப்பு: பணம் எங்கிருந்து வரும்?

அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில் சேர்பவர்களின் சராசரி வயது 24. அங்கே ஒரு பட்டம் முடித்த பிறகுதான் மருத்துவத்துக்கு விண்ணப்பிப்பது வழக்கம். அதனால் பத்தாண்டு செவிலியராகவோ மென்பொருள் வேலையிலோ இருந்துவிட்டு, பிள்ளை குட்டிகளோடு வகுப்புக்கு வருகிறவர்களும் உண்டு. இடம் கிடைத்த அன்றே அவர்களுக்குப் பணக் கவலை தொடங்கிவிடுகிறது.

நிதியுதவி பெற வயது பெரும்பாலும் தடையல்ல. அரசு நிதி பெறும் திட்டங்களில் வயதைக் காட்டி ஒருவரை ஒதுக்குவதை 1975ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. பல உதவித்தொகைகளுக்கு வயது வரம்பே கிடையாது. சிக்கல் படிவத்தில் இருக்கிறது.

மத்திய அரசின் நிதியுதவிப் படிவமான ஃபாஃப்சா, ஈராண்டுக்கு முந்தைய வருமானத்தைக் கேட்கும். 2026-27இல் சேருகிறவர் 2024இல் வாங்கிய சம்பளத்தைக் காட்ட வேண்டும். வேலையை விட்டு வந்தவர் காகிதத்தில் இன்னும் நல்ல சம்பளக்காரராகவே தெரிவார். வேலையை விட்டதற்கான சான்றோடு கல்லூரி நிதியுதவி அலுவலரிடம் மனு கொடுத்தால், கணக்கைத் திருத்த அவருக்குச் சட்டப்படி அதிகாரம் உண்டு. ஆனால் அதை நாமாகப் போய்க் கேட்க வேண்டும். கூச்சப்பட்டுப் பேசாமல் இருந்துவிடாதீர்கள்.

இன்னொரு முட்டுக்கட்டை பெற்றோர். ஃபாஃப்சாவைப் பொறுத்தவரை மருத்துவ மாணவர் தன் காலில் நிற்பவர்தான். ஆனால் தங்கள் சொந்த நிதியிலிருந்து உதவும்போது, பெற்றோரின் வருமானத்தையும் கேட்கும் கல்லூரிகள் நிறைய. கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் உள்ள 38 வயதுக்காரர், ஓய்வுபெற்ற அப்பாவிடம் வரிக்கணக்கு கேட்டு நிற்க வேண்டியிருக்கிறது. இது அநியாயம் என்றே எனக்குப் படுகிறது. குறிப்பிட்ட வயதைக் கடந்தவர்களுக்கு விலக்கு தரும் கல்லூரிகளும் இருக்கின்றன. விண்ணப்பக் கட்டணம் கட்டும் முன்பே இதை விசாரித்துவிட வேண்டும்.

கட்டணமே வாங்காத கல்லூரிகள் பெரிய நம்பிக்கை. நியூயார்க் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி 2018இல் எல்லா மாணவர்களுக்கும் கட்டணத்தை நீக்கியது. 2024இல் பிராங்க்ஸ் பகுதியின் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரிக்கு, அங்கே நெடுங்காலம் பேராசிரியராக இருந்த ரூத் காட்டெஸ்மன் தம் 93ஆம் வயதில் 100 கோடி டாலர் கொடுத்தார். அங்கும் கட்டணம் போயிற்று. அதே ஆண்டு தொழிலதிபர் மைக்கேல் புளூம்பெர்க் தந்த 100 கோடி டாலரால், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரியில் ஆண்டு வருமானம் 3 லட்சம் டாலருக்குக் குறைந்த குடும்பத்தினருக்குக் கட்டணம் இல்லை. இங்கெல்லாம் போட்டி மிகக் கடுமை.

நடுத்தர வயதினருக்கு நான் முதலில் சொல்வது தேசிய சுகாதார சேவைப் படையின் உதவித்தொகை. கல்விக் கட்டணமும் மாதாந்திரப் பணமும் கிடைக்கும். பதிலுக்கு, உதவி பெற்ற ஒவ்வோர் ஆண்டுக்கும் ஓராண்டு, குறைந்தது ஈராண்டு, மருத்துவர் பற்றாக்குறை உள்ள இடத்தில் பணியாற்ற வேண்டும். பொது மருத்துவம், குழந்தை மருத்துவம் போன்ற துறைகள்தான் இதில் வரும். இதயச் சிகிச்சை நிபுணராகும் கனவு உள்ளவருக்கு ஒத்துவராது. வாக்குத் தவறினால் மூன்று மடங்காகத் திருப்பிக் கட்ட நேரும். அமெரிக்கக் குடியுரிமையும் வேண்டும். கிரீன் கார்டு போதாது என்பதை அங்கே குடியேறிய தமிழர்கள் கவனிக்க வேண்டும். ராணுவத்தின் உதவித்தொகையும் முழுக் கட்டணத்தையும் ஏற்கும். ஆனால் அதற்கு வயது வரம்பு உண்டு.

மீதி, கடன். கடன் வாங்கிப் படிப்பவர்கள் பொதுவாகச் சுமார் 2 லட்சம் டாலர் பாக்கியோடுதான் வெளியே வருகிறார்கள். 2025 ஜூலையில் வந்த சட்டப்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்கும் மருத்துவ மாணவருக்கு அரசுக் கடன் ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2 லட்சம் டாலர்தான். மிச்சச் செலவை ஈடுகட்டிவந்த கிராட் பிளஸ் கடன் அவர்களுக்கு இல்லை. வாடகையும் பிள்ளைகளின் செலவும் உள்ளவர்களைத்தான் இது அதிகம் வாட்டும்.

35இல் சேர்ந்தால் 4 ஆண்டுப் படிப்பு, குறைந்தது 3 ஆண்டு மருத்துவமனைப் பயிற்சி. முழுச் சம்பளம் 42இல்தான். இங்கே பொதுச்சேவைக் கடன் தள்ளுபடி கைகொடுக்கும். அரசு அல்லது லாப நோக்கற்ற மருத்துவமனையில் வேலை பார்த்து, வருமானத்துக்கேற்ற 120 மாதத் தவணைகளைக் கட்டினால் மீதி அரசுக் கடன் தள்ளுபடியாகும். பயிற்சிக் காலத்துக் குறைந்த சம்பளத்தில் கட்டும் தவணைகளும் சேரும். பயிற்சியின் முதல் மாதத்திலிருந்தே கட்டத் தொடங்கியவருக்கு 42 வயதில் 36 தவணை முடிந்திருக்கும். மீதி 84, அதாவது இன்னும் 7 ஆண்டு.