வீட்டுப் பாலுக்கு ஏற்ற ஆட்டினத்தைத் தெரிதல்

நெல்லும் மரக்கறியும் விளைவிக்கும் கமக்காரர் பலரின் வீட்டில் அரிசிக்கும் கறிக்கும் குறைவில்லை. பாலை மட்டும் விலைகொடுத்து வாங்குகின்றனர். பசு வளர்ப்பதற்குப் போதிய புல்நிலம் எல்லோருக்கும் இல்லை. ஆயினும் ஒரு பசுவுக்குப் போதாத தீன் இரண்டு ஆடுகளுக்குப் போதும். வேலியிலே பூவரசும் சீமைக்கிளுவையும் தழைத்து நிற்கும் சிறு வளவிலும் குழந்தைகளுக்கு வேண்டிய பாலை ஆட்டிலிருந்து பெறலாம்.

பாலுக்கென்று ஆடு வாங்கியவர்கள் ஓராண்டு கழியுமுன் அதனை இறைச்சிக்கு விற்றுவிடுவதும் உண்டு. "நல்ல இனமென்று சொல்லித் தந்தார்கள், பால் இல்லை" என்பதே அவர்கள் கூறும் காரணம். பெரும்பாலும் குறை ஆட்டில் இருப்பதில்லை, தெரிந்தெடுத்ததிலேயே இருக்கின்றது. ஓரிடத்தில் மூன்று லீற்றர் கறக்கும் இனம் வேறோரிடத்தில் அரை லீற்றரும் கறவாது மெலியக்கூடும். ஆகவே, அதிகம் கறக்கும் இனம் எது என்று கேட்பதை விட்டு, நமது வளவு தாங்கக்கூடிய இனம் எது என்று கேட்டல் வேண்டும்.

முதலில் தீனை அளந்து பார்த்தல்

பாலாடு ஒன்று நாளொன்றுக்குத் தன் உடல் நிறையில் நூற்றுக்கு 4 பங்கு வரை உலர்தீன் உண்ணும். பச்சைக் குழையில் நாலில் மூன்று பங்கு நீராகும். ஆதலால், 25 கிலோ நிறையுள்ள நாட்டாட்டுக்கு ஏறக்குறைய 4 கிலோ பச்சைக் குழையும், 45 கிலோ நிறையுள்ள பெரிய ஆட்டுக்கு ஏறக்குறைய 7 கிலோவும் நாள்தோறும் வேண்டும். இரண்டு பெரிய ஆடுகளை வைத்திருப்பவர் ஒவ்வொரு நாளும் 14 கிலோ குழை வெட்டுதல் வேண்டும். மாரிகாலத்தில் இது எளிது. கோடையிலே, குளம் வற்றி வேலியும் காய்ந்திருக்கும்போது, இவ்வளவு குழை கிடைக்குமா என்பதை எண்ணிய பின்னரே எந்த இனம், எத்தனை ஆடு என்று முடிவுசெய்தல் வேண்டும்.

வைக்கோலை நம்பிப் பாலாடு வளர்த்தல் இயலாது. மாடு உண்பதுபோல ஆடு அதனை உண்பதில்லை. உண்டாலும் அதிலிருந்து பால் சுரப்பதற்குப் போதிய சத்துக் கிடைப்பதில்லை. பூவரசு, சீமைக்கிளுவை, முள்முருக்கு, அகத்தி, பலா ஆகியவற்றின் குழைகளும், பயற்றங்கொடி, நிலக்கடலைக்கொடி, வற்றாளைக்கொடி என்பனவும் நல்ல தீன்களாம். இப்பில் இப்பிலும் நல்லதே; ஆனால் முழுத்தீனில் மூன்றிலொரு பங்குக்கு மேற்படலாகாது. மரவள்ளி இலையைப் பச்சையாகக் கொடாது வாடவிட்டே கொடுத்தல் வேண்டும்.

நம் நாட்டிற் காணப்படும் இனங்கள்

நாட்டாடு: சிறிய உடலும் குறைந்த தேவையும் உள்ளது. வெயிலையும் தீன் குறைவையும் நன்றாகத் தாங்கும். அடிக்கடி இரட்டைக் குட்டி ஈனும். இதனுடைய குறை பாலே. இரண்டு குட்டிகள் குடித்தபின் வீட்டுக்கு எஞ்சுவது மிகச் சிறிது. பாலுக்கென்று இதனை மட்டும் வளர்ப்பதால் பெரும்பயன் இல்லை. ஆனால் நல்ல கலப்பினத்துக்குத் தாயாவதற்கு இது மிகவும் ஏற்றது.

ஜமுனாபாரி: இந்தியாவின் உத்தரப் பிரதேசத்திலே, யமுனை, சம்பல் ஆறுகளை அடுத்த எட்டாவாப் பகுதியே இதன் தாயகம், யமுனையின் பெயராலேயே வழங்குகின்றது. உயர்ந்த கால்களும், கிளிமூக்குப் போல வளைந்த முகமும், தொங்கும் நீண்ட காதுகளும், பின்தொடையிலே அடர்ந்த மயிரும் இதன் அடையாளங்கள். நன்றாகப் பராமரித்தால் நாளொன்றுக்கு 1 முதல் 1½ லீற்றர் வரை கறக்கும். வெப்பத்தைத் தாங்கும், உயரத்திலுள்ள குழையை எட்டிக் கடித்துத் தின்னும் பழக்கமுடையது. ஆனால் ஈரமும் சேறும் இதற்கு ஆகா. பெரும்பாலும் ஒற்றைக் குட்டியே ஈனும். உலர்வலயத்திலே, குழை மிகுந்த வளவுடையோருக்கு ஏற்றது.

கொட்டுக்கச்சிய இனம்: புத்தளம் மாவட்டத்திலுள்ள கொட்டுக்கச்சியப் பண்ணையில் நாட்டாட்டையும் ஜமுனாபாரியையும் கலந்து உருவாக்கப்பட்டது. உலர்வலயத்துக்குப் பழகியது. இறைச்சிக்கே பெரிதும் வளர்க்கப்படினும், நன்கு கறக்கும் தாயின் வழிவந்த மறியைத் தெரிந்தெடுத்தால் வீட்டுத் தேவைக்கும் உதவும்.

சானன்: சுவிற்சர்லாந்து நாட்டுச் சானன் பள்ளத்தாக்கிலே தோன்றிய வெள்ளை ஆடு. தன் நாட்டிலே நாளொன்றுக்கு 3 லீற்றருக்கு மேலும் கறக்கும். அந்தப் புகழைக் கேட்டு வன்னியிலோ மன்னாரிலோ இதனை வாங்குபவர் ஏமாற்றமடைவர். கடும் வெயிலிலே இது தீன் உண்ணாது இளைக்கும்; பாலும் குறையும். மலைநாட்டின் குளிர்ந்த இடங்களில், நிழலும் செறிவுத்தீனும் குறைவின்றிக் கொடுக்கக்கூடியவருக்கே இது தகும். அதே நாட்டிலிருந்து வந்த, கபில நிறமுள்ள டொகன்பேர்க் இனத்துக்கும் இதுவே பொருந்தும்.

ஆங்கிலோ நூபியன்: இந்திய, ஆபிரிக்க ஆடுகளை இங்கிலாந்து ஆடுகளுடன் கலந்து உண்டாக்கப்பட்டது. இதன் பாலிற் கொழுப்பு மிகுதி. ஐரோப்பிய இனங்களுள் வெப்பத்தை ஓரளவு தாங்கக்கூடியது இதுவே. எனினும் இதற்கும் தீன் குறையலாகாது.

போயர்: தென்னாபிரிக்காவைச் சேர்ந்த இறைச்சி இனம். உடலின் பருமனைக் கண்டு பாலுக்கென்று இதனை வாங்குதல் தவறு.

பெரும்பாலானோருக்கு ஏற்றது கலப்பினமே

உலர்வலயத்துக் கமக்காரர் பெரும்பாலானோருக்கு ஏற்றது, நல்ல நாட்டு மறிக்கும் ஜமுனாபாரிக் கிடாய்க்கும் பிறந்த கலப்பு மறியாகும். தாயிடமிருந்து நோயையும் தீன் குறைவையும் தாங்கும் வன்மையும், தந்தையிடமிருந்து பாலும் உடலளவும் இதற்கு வருகின்றன. முதற் கலப்பிலே பிறக்கும் குட்டிகள் பெரும்பாலும் திடமாய் வளரும். அவற்றை மீண்டும் ஜமுனாபாரிக் கிடாய்க்குச் சேர்த்தால் முக்காற் பங்கு அவ்வினமாகிய குட்டிகள் பிறக்கும். அவை மேலும் அதிகம் கறத்தல் கூடும். ஆனால் அவற்றிற்கு வேண்டிய தீனும் கவனிப்பும் அதிகரிக்கும். தீன் வசதி பெருகாத இடத்தில் முதற் கலப்போடு நின்றுவிடுதலே நன்று. மலைநாட்டிலே ஜமுனாபாரிக் கிடாய்க்குப் பதிலாகச் சானன் கிடாயைப் பயன்படுத்தலாம்.

முதன்முறை சினைப்படும் மிகச் சிறிய நாட்டு மறியைப் பெரிய கிடாய்க்கு விடலாகாது. குட்டி பெரிதாகி ஈனுதல் கடினமாகும். ஒருமுறை ஈன்ற, அகன்ற இடுப்புள்ள மறியையே இதற்குத் தெரிதல் வேண்டும்.

மறியை வாங்கும் முறை

இனத்தின் பெயர் பால் தருவதில்லை, மடியே தருகின்றது. ஓரினத்துக்குள்ளேயே ஆட்டுக்கு ஆடு பெரிய வேறுபாடு உண்டு. ஆதலால் இனத்தைப் பார்ப்பதோடு பின்வருவனவற்றையும் கவனித்தல் வேண்டும்.

1. கறவையில் உள்ள மறியாயின், கறந்து அளந்த பின்னரே விலை பேசுதல் வேண்டும். விற்பவர் பாலை முதல்நாட் கறவாது மடியிற் தேக்கிவைத்துக் காட்டுதல் கூடும். எனவே முதல்நாள் மாலை மடியை வெறுமையாக்குவித்து, குட்டிகளைப் பிரித்து வைத்து, மறுநாட் காலையும் மாலையும் கறந்த பாலை அளத்தல் வேண்டும். அவ்விரண்டின் கூட்டுத்தொகையே உண்மையான ஒருநாட் பால்.

2. மடி மென்மையாயும், கறந்தபின் சுருங்குவதாயும் இருத்தல் வேண்டும். கறந்த பின்னும் பருத்தே இருப்பது சதைமடி. கட்டி, சூடு, வீக்கம், பாலிலே திரிதல் என்பன மடிவீக்கத்தின் அறிகுறிகள். அத்தகைய ஆட்டை விலக்குக. காம்புகள் இரண்டும் ஒத்த அளவினவாயும் கையிற் பிடித்துக் கறக்கத்தக்கனவாயும் இருத்தல் வேண்டும்.

3. இன்னும் ஈனாத இளமறியாயின் அதன் தாயைக் காட்டும்படி கேட்டல் வேண்டும். தாய் எவ்வளவு கறந்தது, எத்தனை மாதம் கறந்தது என்பதே மகளின் பாலுக்குச் சிறந்த சாட்சி.

4. பல், குளம்பு, கண்ணிமை ஆகியவற்றைப் பார்க்க. கண்ணிமையின் உட்புறம் செந்நிறமாயின் நன்று; வெளிறியிருந்தால் குடற்புழுவினால் இரத்தம் குறைந்திருக்கலாம்.

5. கூடியவரை அயலூரிலேயே வாங்குக. அந்த மண்ணின் குழைக்கும் காலநிலைக்கும் பழகிய ஆடு விரைவில் நிலைகொள்ளும்.

கிடாயைப் பற்றிச் சில

இரண்டு மறிகளுக்காக ஒரு கிடாயைத் தனியே வளர்த்தல் வீண்செலவு. அயலவர் நால்வர் ஐவர் சேர்ந்து ஒரு நல்ல கிடாயை வைத்துக்கொள்ளலாம். கிடாயின் நாற்றம் பாலிற் பற்றுமாதலால் அதனைக் கறவை ஆடுகளுடன் கட்டலாகாது. கிடாயைத் தெரியும்போதும் அதன் தாயின் பாலையே விசாரித்தல் வேண்டும். ஒரு கிடாய் தன் மகளைச் சேராதபடி, இரண்டாண்டுக்கு ஒருமுறை வேறோர் ஊர்க் கிடாயோடு மாற்றிக்கொள்க. சானன் போன்ற இனங்களிற் பிறவியிலேயே கொம்பில்லாத மறியைக் கொம்பில்லாத கிடாயுடன் சேர்த்தால் ஆணும் பெண்ணுமல்லாத குட்டிகள் பிறத்தல் கூடும். ஆகவே இரண்டில் ஒன்றாவது கொம்புள்ளதாக இருத்தல் வேண்டும்.

ஆண்டு முழுவதும் பால் பெறுதல்

ஆட்டின் சினைக்காலம் ஏறக்குறைய 150 நாள். ஈன்றபின் ஆறேழு மாதம் கறக்கலாம். அடுத்த ஈற்றுக்கு முந்திய இரண்டு மாதமும் கறவையை நிறுத்தி ஆட்டுக்கு ஓய்வு கொடுத்தல் அவசியம். ஆகையால் ஓர் ஆட்டினால் ஆண்டு முழுவதும் பால் கிடையாது. இரண்டு மறிகளை ஆறு மாத இடைவெளியில் ஈனும்படி கிடாய்க்கு விட்டால், ஒன்று வற்றும்போது மற்றது கறக்கும்.

மடியிற் சுரக்கும் பாலெல்லாம் வீட்டுக்கு வருவதன்று. பிறந்தவுடன் குட்டிகளுக்குக் கடும்புப் பால் கொடுத்தல் வேண்டும். அதனைத் தடுத்தாற் குட்டி நோய்ப்பட்டு இறக்கும். முதல் இரண்டு மாதமும் பாலின் பெரும்பங்கு குட்டிக்குரியது. குழைக்கு மேலாக, கறக்கும் ஒவ்வொரு லீற்றருக்கும் ஏறக்குறைய 400 கிராம் வீதம் தவிடும் தேங்காய்ப் பிண்ணாக்கும் கலந்து கொடுத்தால் பால் குறையாது.

வயலும் தோட்டமும் உள்ளோர் கவனத்துக்கு

அவிழ்ந்த ஆடு ஒரு காலைப்பொழுதில் ஒரு போகத்து மரக்கறியை அழித்துவிடும். தோட்டக்காரர் ஆட்டைக் கட்டியோ கொட்டிலில் அடைத்தோ வளர்த்தல் வேண்டும். நிலத்திலிருந்து ஒரு மீற்றர் உயர்த்திப் பனஞ்சலாகையாலோ கமுகஞ்சலாகையாலோ பரணிட்ட கொட்டில் நன்று. ஆடு ஈரமின்றி இருக்கும், எருவும் கீழே சேரும். அந்த எரு மிளகாய்க்கும் கத்தரிக்கும் மிகச் சிறந்த பசளை.

பூச்சிமருந்து தெளித்த பயிரின் கழிவை ஆட்டுக்குக் கொடுக்கலாகாது. நஞ்சு ஆட்டைக் கொல்லாவிடினும் பாலின் வழியே குழந்தையைச் சென்றடையலாம்.

வயலருகிலும் மாட்டுப்பட்டியருகிலும் ஆடு வளர்ப்போர் இன்னொன்றையும் அறிதல் வேண்டும். மாட்டின் வயிற்றறையிலே தீங்கின்றி வாழும் ஒருவகைப் புழுவின் நுண்ணிய குஞ்சுகளை நுளம்பு ஆட்டுக்குக் கொண்டுவருகின்றது. அவை முள்ளந்தண்டு நரம்பை அடைந்தாற் பின்கால்கள் சோர்ந்து ஆடு விழுந்துவிடும். விலைகொடுத்து வாங்கிய நல்ல ஆடுகள் இவ்வாறு வீணாவதுண்டு. ஆட்டுக் கொட்டிலை மாட்டுப்பட்டிக்குத் தொலைவில் அமைத்து, மாலைதோறும் புகையிட்டு, நீர் தேங்காதபடி பார்த்துக்கொள்க. நடையிலே தளர்ச்சி கண்டவுடன் மிருக வைத்தியரிடம் அறிவித்தல் வேண்டும்.

பாலைப் பயன்படுத்தல்

ஆட்டுப்பாலை எப்பொழுதும் நன்கு காய்ச்சியே அருந்துதல் வேண்டும். ஆட்டிலிருந்து மனிதருக்குத் தொற்றும் நோய்க்கிருமிகள் காய்ச்சாத பாலில் இருக்கலாம். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தாய்ப்பாலுக்குப் பதிலாக ஆட்டுப்பாலைக் கொடுத்தல் தகாது. இரத்த விருத்திக்கு வேண்டிய போலிக்கமிலம் அதில் மிகக் குறைவு. அவ்வயதைக் கடந்த பிள்ளைகளுக்கு அது நல்லுணவு.

முடிவாக, பாலாடு வாங்க எண்ணும் கமக்காரர் முதலில் தம் வேலியை ஒருமுறை சுற்றிவந்து, ஆவணி மாதத்துக் கோடையிலும் எத்தனை கிலோ குழை வெட்டலாம் என்று கணக்கிடுவாராக. அந்தக் கணக்குக்குள் அடங்கும் ஆடே அவருக்குரிய இனம். வயிறு நிரம்பிய கலப்பு மறி தரும் ஒரு லீற்றர், பசித்து நிற்கும் உயர்ந்த இனத்து ஆட்டிடமிருந்து ஒருபோதும் கிடையாது.