ஸ்டென்சிலும் மாஸ்க்கும்: படுக்கையில் அமர்ந்தபடியே ஒரு வாழ்த்து அட்டை

மருத்துவமனையில் பகல்பொழுது நீளமானது. காலையில் மருத்துவர் வந்து சென்ற பின்னர், அடுத்த ஊசிக்கும் அடுத்த பரிசோதனைக்கும் இடையில் மணிக்கணக்கில் காத்திருக்க நேர்கிறது. படுக்கையில் இருப்பவரைப் போலவே, அருகில் நாற்காலியில் அமர்ந்திருக்கும் உறவினரும் அந்த நேரத்தைக் கடந்தாக வேண்டும். கைபேசித் திரையைப் பார்த்துக் கண் களைத்தவர்களுக்கு இக்கட்டுரை ஒரு சிறு கைவேலையை அறிமுகம் செய்கிறது. ஸ்டென்சிலும் மாஸ்க்கும் கொண்டு வாழ்த்து அட்டை செய்வதே அது.

“எனக்கு வரையவே வராது” என்போருக்கும் இது ஏற்றது. கை நடுங்குபவர்கள், விரல் நுனியில் உணர்வு குறைந்தவர்கள், ஒரு கையை மட்டுமே பயன்படுத்தக் கூடியவர்கள் ஆகியோருக்கும் ஏற்றது. கோடு முன்கூட்டியே வெட்டப்பட்டிருப்பதால், வண்ணத்தை ஒற்றுவது மட்டுமே கையின் வேலை. கை சற்று விலகினாலும் வண்ணம் தகட்டின் மேல் விழுமேயன்றி அட்டையின்மேல் விழாது.

ஸ்டென்சில் எது, மாஸ்க் எது?

ஒரு தாளின் நடுவில் இலை வடிவத்தை வெட்டி எடுப்பதாகக் கொள்வோம். இலை வடிவில் துளையுள்ள தாள் ஸ்டென்சில். கையில் வந்த இலைத் துண்டு மாஸ்க். ஸ்டென்சிலை அட்டைமேல் வைத்து வண்ணம் ஒற்றினால் துளையின் வழியே வண்ண இலை பதியும். மாஸ்க்கை வைத்து ஒற்றினால் சுற்றிலும் வண்ணம் பரவி, நடுவில் வெள்ளை இலை எஞ்சும். முகக்கவசத்திற்கும் இதே பெயர் வழங்குவதால் குழப்பம் வேண்டா. மறைத்துக் காப்பது என்பதே இரண்டிற்கும் பொதுவான பொருள்.

ஸ்டென்சில் நமக்குப் புதியதன்று. மார்கழியில் தெருவோரக் கடைகளில் விற்கும் கோல அச்சு ஒரு ஸ்டென்சிலே. துளைகளின் வழியே மாவு இறங்கித் தரையில் வடிவம் பெறுகிறது. மதுரா, பிருந்தாவனம் பகுதிகளின் சாஞ்சிக் கலையில் காகிதத்தை நுணுக்கமாக வெட்டி, அதன் வழியே வண்ணப் பொடி தூவிக் கண்ணன் கதைக் காட்சிகளை அமைக்கின்றனர். ஜப்பானில் துணிக்குச் சாயமிடப் பயன்படும் ‘கட்டகாமி’ தகடுகள், முசுக்கட்டை மரநாரில் செய்த தாளுக்குச் சீமைப்பனிச்சைச் சாறு ஏற்றி உறுதியாக்கி வெட்டப்படுபவை.

மாஸ்க்கின் வரலாறு இன்னும் பழையது. இந்தோனேசியாவின் சுலவேசித் தீவுக் குகைகளில், பாறைமேல் கையை வைத்துச் சுற்றிலும் காவி வண்ணம் ஊதிப் பதித்த கைத்தடங்கள் உள்ளன. அவற்றுள் சில 40,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை என மதிப்பிடப்பட்டுள்ளன. அங்கே கையே மாஸ்க்காக இருந்தது. மருத்துவமனையில் இருக்கும் தாத்தாவோ பாட்டியோ தம் கைத்தடத்தை இவ்வாறே அட்டையில் ஒற்றி, வீட்டிலுள்ள பேரக்குழந்தைக்கு அனுப்பலாம். குழந்தை தன் கையை அதன்மேல் வைத்து அளந்து பார்க்கும்.

சக்கர நாற்காலியில் இருந்து ஓர் ஓவியர்

பிரெஞ்சு ஓவியர் ஹென்றி மத்தீஸ் 1941ஆம் ஆண்டு, தமது 71ஆம் வயதில், புற்றுநோய்க்காக வயிற்றில் பெரிய அறுவை சிகிச்சை செய்துகொண்டார். அதன்பின் ஓவியச் சட்டத்தின் முன் நெடுநேரம் நிற்க அவரால் இயலவில்லை. பெரும்பாலும் படுக்கையிலும் சக்கர நாற்காலியிலுமே இருந்தார். ஆகவே தூரிகையைக் குறைத்துக் கத்தரிக்கோலைக் கையில் எடுத்தார். உதவியாளர்கள் தாள்களுக்கு வண்ணம் பூசித் தந்தனர். அவர் அவற்றை வடிவங்களாக வெட்டினார். அவர் சுட்டிய இடங்களில் உதவியாளர்கள் அவற்றைச் சுவரில் பொருத்தினர். அவ்வாறு உருவான படங்களைக் கொண்டு 1947இல் ‘ஜாஸ்’ என்னும் நூல் வெளிவந்தது. அதன் 20 படங்களும் ஸ்டென்சில் முறையில் அச்சிடப்பட்டவை. 1954இல் மறையும் வரை அவர் இந்த வேலையைக் கைவிடவில்லை.

இதில் உடனிருப்போர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. உதவியாளர்கள் தாள் தந்தனர், வண்ணம் பூசினர், ஏணியில் ஏறிப் பொருத்தினர். எந்த வடிவம், எந்த இடம் என்பதை முடிவு செய்தவர் மத்தீஸ்.

தேவையான பொருள்கள்

அட்டைக்கு 200 முதல் 300 ஜிஎஸ்எம் கனமுள்ள தாள் நல்லது. ஏ4 தாள் ஒன்றை இரண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் நடுவில் மடித்தால் 10.5 செ.மீ. × 14.8 செ.மீ. அளவில் இரண்டு அட்டைகள் கிடைக்கும். நீரில் கரையும் போஸ்டர் கலர் அல்லது முத்திரை மைப்பெட்டி, துண்டுகளாக வெட்டிய புதிய பஞ்சு, ஒட்டும் குறிப்புத்தாள், மாஸ்கிங் டேப், விளிம்புள்ள ஒரு தட்டு ஆகியவை போதும்.

ஸ்டென்சிலைச் சாதாரணத் தாளிலும் வெட்டலாம். ஆனால் அது நான்கைந்து அட்டைகளுக்குப் பின் ஈரத்தில் நெகிழ்ந்துவிடும். ஓஎச்பி தாளோ பழைய பிளாஸ்டிக் கோப்பு உறையோ நெடுநாள் உழைக்கும். சோப்பு நீரில் கழுவவும் எளிது. பழைய எக்ஸ்ரே படத்தில் ஸ்டென்சில் வெட்டுவோர் உண்டு. நீங்கள் அவ்வாறு செய்ய வேண்டா. முந்தைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க மருத்துவருக்கு அது தேவைப்படலாம்.

முதல் அட்டை: மலையும் சூரியனும்

இதற்கு மாஸ்க் மட்டும் போதும்.

1. அட்டையின் நான்கு மூலைகளையும் டேப்பால் தட்டில் ஒட்டுங்கள். டேப்பை முதலில் துணியில் ஒருமுறை ஒட்டி எடுத்தால் அதன் பிசின் சற்றுக் குறையும். பிரிக்கும்போது அட்டை கிழியாது.

2. மருந்துப் புட்டியின் மூடியைக் குறிப்புத்தாளின் பசையுள்ள பகுதியில் வைத்து வட்டம் வரைந்து வெட்டுங்கள். அதை அட்டையின் மேற்பகுதியில் ஒட்டுங்கள். இதுவே சூரியனுக்கான மாஸ்க்.

3. பஞ்சில் மஞ்சள் வண்ணத்தைத் தொட்டு, வீண்தாளில் இரண்டுமுறை ஒற்றிய பிறகு, வட்டத்தைச் சுற்றி ஒற்றுங்கள். வட்டத்தின் அருகே அடர்த்தியாகவும், விலக விலக மெலிதாகவும் இருக்கட்டும்.

4. அகலமான ஒரு தாளைக் கையால் மேடு பள்ளமாகக் கிழியுங்கள். கத்தரிக்கோல் தேவையில்லை; கிழிந்த விளிம்பே மலைமுகடு. வானப்பகுதியை மூடுமாறு அதை வைத்து, விளிம்பின் கீழே வெளிர்நீலம் ஒற்றுங்கள். பின்னர் தாளை 2 செ.மீ. கீழே இறக்கி, சற்றே பக்கவாட்டில் நகர்த்தி, அடர்ந்த நீலம் ஒற்றுங்கள். மூன்றாம் முறை இன்னும் அடர்த்தியாக. தொலைவில் உள்ள மலை வெளிறியும் அருகில் உள்ளது கருத்தும் தோன்றும்.

5. வண்ணம் உலர்ந்தபின் வட்டத்தை எடுத்துவிடுங்கள். வெண்மையான சூரியன் வெளிப்படும்.

இரண்டாம் அட்டை: பானையும் கரும்பும்

ஒரு தாளை இரண்டாக மடித்து, மடிப்பை ஒட்டி அரைப்பானை வரைந்து வெட்டினால், விரிக்கும்போது இருபுறமும் ஒத்த முழுப்பானை கிடைக்கும். ஒரே வெட்டில் ஸ்டென்சிலும் மாஸ்க்கும் கைக்கு வந்துவிடுகின்றன. ஸ்டென்சிலின் வழியே பானையைச் செம்மண் நிறத்தில் ஒற்றி உலர விடுங்கள். பிறகு அச்சுப் பானையின்மேல் மாஸ்க்கைப் பொருத்துங்கள். இரு தாள்களை 1 செ.மீ. இடைவெளி விட்டுச் சாய்வாக வைத்து, அந்த இடைவெளியில் கருநீலச் சிவப்பை ஒற்றினால் கரும்பு. மாஸ்க்கை எடுத்துப் பாருங்கள்: கரும்பு பானைக்குப் பின்னால் நிற்கும். முன்னால் இருக்க வேண்டியதை முதலில் பதித்து, அதை மறைத்துவிட்டுப் பின்னால் இருப்பதைப் பதிப்பதே இம்முறையின் நுட்பம்.

எழுத்துகளை வெட்டும்போது ஒன்றை நினைவில் கொள்ளுங்கள். ‘அம்மா’ என்று வெட்டினால் அகரத்தின் சுழியிலும் மகரத்தின் கட்டத்திலும் உள்ள நடுத்துண்டு உதிர்ந்துவிடும். அதைச் சுற்றுத்தாளோடு இணைக்கும் சிறு ‘பாலம்’ ஒன்றை வெட்டாமல் விட வேண்டும்.

வண்ணம் கசிந்தால்

பெரும்பாலோர் முதல் முயற்சியில் காண்பது, ஸ்டென்சிலின் அடியில் வண்ணம் பரவிக் கோடு கலங்குவதைத்தான். பஞ்சில் ஈரம் மிகுந்ததே காரணம். பஞ்சு ஏறத்தாழ உலர்ந்திருக்க வேண்டும். தேய்க்காமல், மேலிருந்து நேராக ஒற்ற வேண்டும். அடர்நிறம் வேண்டுமெனில் ஒரேமுறையில் அள்ளிப் பூசாமல், மெல்லிய பூச்சாக மூன்று முறை ஒற்றுங்கள். ஸ்டென்சிலை எடுக்கும்போது இழுக்காமல் நேர்மேலாகத் தூக்குங்கள்.

உடல்நிலைக்கு ஏற்ற மாற்றங்கள்

*விரல் மரப்பு:* வின்கிறிஸ்டின், பாக்லிடாக்சல் போன்ற சில புற்றுநோய் மருந்துகளால் விரல்கள் மரத்துப்போகலாம். பஞ்சை ஒரு தடித்த பேனாவின் முனையில் கட்டி, பிடியில் துணி சுற்றிக்கொண்டால் பிடிமானம் கிடைக்கும். வெட்டும் வேலையை உடனிருப்பவர் செய்யட்டும்.

*பக்கவாதம்:* தட்டின் அடியில் ஈரத்துணி விரித்தால் தட்டு நகராது. பலவீனமான கையைத் தாளை அழுத்திப் பிடிக்கப் பயன்படுத்தலாமா என்பதைச் செயல்முறைச் சிகிச்சையாளரிடம் கேளுங்கள்.

*இரத்தம் உறையாமைக்கான மருந்து உட்கொள்வோர், தட்டணுக்கள் குறைந்தோர்:* கத்தியையும் பிளேடையும் தொட வேண்டா. கிழித்த தாளே போதும்.

*டயாலிசிஸ் செய்துகொள்வோர்:* ஃபிஸ்டுலா உள்ள கையின்மேல் தட்டையோ உடல் எடையையோ சாய்க்கக் கூடாது. சிகிச்சை நடக்கும்போது அந்தக் கையை அசைக்காமல், மறுகையால் ஒற்றுவதற்கும் செவிலியரின் அனுமதி பெறுங்கள்.

*களைப்பு:* ஒரே அமர்வில் முடிக்க வேண்டியதில்லை. 10 அல்லது 15 நிமிடங்களில் நிறுத்திவிடுங்கள். உலர்வதற்கும் இடைவெளி தேவைதானே.

எல்லோருக்கும் பொதுவான எச்சரிக்கைகள்

ஸ்பிரே வண்ணம், ஸ்பிரே பசை, தின்னர் கலந்தவை, சூடாக்கும் கருவி ஆகியவை வார்டுக்குள் வரவே கூடாது. ஆக்சிஜன் பயன்படும் இடத்தில் இவை தீ விபத்துக்கு வழிவகுக்கும். ஜிகினாத்தூள் கண்ணிலும் புண்ணிலும் ஒட்டும், அதையும் தவிருங்கள். வண்ணம் கரைக்கும் நீரைக் குடிநீர்க் குவளையில் வைக்காதீர்கள். தொடங்கும் முன்னும் முடித்த பின்னும் கை கழுவுங்கள். பிளாஸ்டிக் ஸ்டென்சிலைக் கழுவித் துடைத்த பிறகே அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். பஞ்சை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளக் கூடாது.

நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களின் அறைக்குள் புதிய பூக்களுக்கும் செடிகளுக்கும் பெரும்பாலும் அனுமதியில்லை. அவற்றோடு பூஞ்சையும் கிருமிகளும் வரக்கூடும். அத்தகைய அறையின் சுவருக்குச் செம்பருத்தியும் நந்தியாவட்டையும் அட்டையில் மலர்ந்து வரலாம். அதற்கு முன் செவிலியரிடம் ஒரு சொல் கேட்டுக்கொள்ளுங்கள்.

உள்ளே என்ன எழுதுவது?

அட்டை முடிந்தபின் பலர் தயங்குவது இங்கேதான். “விரைவில் குணமடைக” என்பது வழக்கமான வாழ்த்து. ஆனால் பெறுபவர் குணமடைய வாய்ப்பில்லாத நிலையில் இருந்தால், அச்சொல் அவரைத் தனிமைப்படுத்திவிடக் கூடும். அவருக்கு உண்மையான ஒரு சொல்லே துணை. “சித்தப்பா, ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். பேச வேண்டியதில்லை, சும்மா உட்கார்ந்திருப்போம்” என்று எழுதலாம். “அக்கா, நீங்கள் அன்று கொண்டுவந்த ரசம்தான் அந்த வாரம் நான் ருசித்துச் சாப்பிட்டது” என்பதில், நன்றி என்ற சொல் இல்லாமலேயே நன்றி இருக்கிறது. “சிஸ்டர், இரவு 2 மணிக்கு நீங்கள் வந்து தலையணையைச் சரிசெய்தது நினைவிருக்கிறது” என்னும் அட்டையைச் செவிலியர் ஒருவர் நெடுங்காலம் வைத்திருப்பார்.

பேச இயலாத நிலையில் உள்ளவர்களுக்கு அட்டை இன்னொரு வகையிலும் உதவும். மூன்று ஸ்டென்சில்களை முன்னே வைத்து, யாருக்கு எது என்று கேளுங்கள். அவர் கண்ணாலோ விரலாலோ சுட்டினால் போதும். மருந்து, உணவு, உறக்கம் என எல்லாவற்றையும் பிறர் முடிவு செய்யும் இடத்தில், இது அவரே எடுத்த முடிவு.

ஆகவே, உடனிருப்போரே, நோயாளி ஒற்றிய வண்ணம் கோணலாக இருந்தால் அதைத் திருத்தும் ஆவலை அடக்கிக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து அட்டையைத் திறப்பவர் தேடுவது அந்தக் கையைத்தான். தாளைப் பிடித்துக்கொள்வதும் பஞ்சை எடுத்துத் தருவதும் உங்கள் பங்கு. அவர் உறங்கும்போது நீங்களும் உங்களுக்கென ஓர் அட்டை செய்துகொள்ளலாம். பல இரவுகள் விழித்திருந்த உங்களுக்கும் இளைப்பாறல் வேண்டும்.

இக்கைவேலை நோயைத் தீர்க்கும் மருந்தன்று. வலி மிகுந்த நாளில் இதை ஒதுக்கி வைத்துவிடுவதே சரி. செய்ய முடிந்த நாளில், அட்டையின் பின்புறம் தேதியையும் செய்தவரின் பெயரையும் மறவாமல் எழுதுங்கள். ஸ்டென்சிலைத் துடைத்து, இரு தாள்களுக்கு இடையே தட்டையாக வையுங்கள். அடுத்த படுக்கைக்காரருக்கும் அது பயன்படும்.